அட்டை மாட்டிய விருந்து

ஒரு கல்யாணச் சமையலைப் பேசி முடிப்பதற்காக மலேசியாவுக்குப் போய், அங்கே மூன்று நாள் மோட்டார் பைக் பந்தயம் பார்த்துவிட்டு வந்தேன். காரைக்குடியில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சமையலுக்கும் பைக் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். போகிற வரைக்கும் எனக்கும் அது விளங்கவில்லை.

என் பெயர் ராணி. கல்யாண வீடுகளுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். பிறந்தது அரியக்குடிப் பக்கம், விவசாயக் குடும்பத்தில். அடுப்படி என் பொறுப்பு; பந்தி பரிமாறுவது எங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. செட்டியார் வீட்டுக் கல்யாணங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனால் கொஞ்ச வருஷமாகத் தை மாசம் நெருங்கினாலே எனக்குக் கவலைதான். பெரிய கம்பெனிக்காரர்கள் வெளியூரிலிருந்து லாரியில் வந்து, பஃபே மேசையைப் போட்டு, காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் புரட்டாசியிலேயே, "அக்கா, தைக்கு ஏதாச்சும் வந்திருக்கா" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். போன தைக்கு வந்தது ஒரு காதுகுத்து மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் கோலாலம்பூரிலிருந்து வள்ளியப்பன் அண்ணன் போன் செய்தார். பூர்வீகம் காரைக்குடி, பிழைப்பு அங்கே. மகள் தேனம்மைக்குத் தையில் கல்யாணம், பூர்வீக வீட்டிலேயே, மூன்று நாள் விருந்து. சமையல் உங்களுக்குத்தான் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் நிபந்தனையைச் சொன்னார். வருகிறவர்களை மூன்று தரமாகப் பிரித்து அட்டை கொடுக்கப் போகிறாராம். தங்க நிறம், வெள்ளி நிறம், நீலம். கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார்களாம். அட்டைக்குத் தகுந்த கூடம், கூடத்துக்குத் தகுந்த சாப்பாடு.

"சொன்னாப் புரியாது ராணியம்மா. இங்க பைக் ரேஸ் நடக்கப்போகுது. அதுல வி.ஐ.பி. விருந்து ஒண்ணு வைப்பாக. உங்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன். வந்து பாத்துட்டு, முடியுமா முடியாதாண்டு சொல்லுங்க" என்றார். முடியாதென்றால் சென்னைக் கம்பெனி ஒன்று தயாராக இருப்பதையும் மறக்காமல் சொன்னார்.

அந்த டிக்கெட்டின் விலையையும் கேட்டு வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதை நம்ம ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, செல்போனைக் கீழே வைத்தார். பைக் ஓடுவதைப் பார்க்க ஒரு ஆளுக்கு ஆகிற செலவில் புது பைக்கே ஒன்று வாங்கி ஓட்டலாம். அதிலும் பந்தயம் பார்ப்பதற்கு அவ்வளவு இல்லை. புல் மேட்டில் உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட் சல்லிசாகவே கிடைக்கிறதாம். மிச்சமெல்லாம் உபசாரத்துக்கான விலை. உபசாரத்துக்கு டிக்கெட் அடிக்கிற வித்தை நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நீ அங்குட்டுப் போயி உன் வாயக் காட்டாத. தலைய ஆட்டிட்டு வந்து சேரு" என்றார்.

என் வாய் ஊரறிந்தது. இருந்தாலும் இந்தத் தடவை தலையை ஆட்டிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். மூன்று நிறமென்ன, முப்பது நிறத்தில் அட்டை போட்டாலும் சமைத்துத் தருகிறேன் என்கிற நிலைமை எனக்கு. என் ஆட்களிடமும் தை வேலை கிடைத்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலைப் பலகாரம் கோலாலம்பூரில் ஒரு முக்குக் கடையில். நம்ம பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி ஒரு ரொட்டி. பருப்பும் மீன் குழம்பும் ஒரே தட்டில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். சேராது என்று நினைத்தேன், சேர்ந்தது. டீயை நம்ம ஊர் மாஸ்டர்களை விட உயரத்திலிருந்து ஆற்றுகிறார்கள். ஆனால் டின் பால்; தித்திப்பு தாங்கவில்லை. கடைக்காரர் தமிழர். நான் காரைக்குடி என்றதும் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவருடைய தாத்தாவுக்கு எங்கள் பக்கத்துத் திருப்பத்தூராம். அவர் ஒரு தரம்கூட அந்த ஊரைப் பார்த்ததில்லை.

பந்தயத் திடல் ஊருக்கு வெளியே, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. காரை எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக வேண்டும். வி.ஐ.பி.களுக்கு ஒரு பஸ், மற்றவர்களுக்கு ஒரு பஸ். வள்ளியப்பன் அண்ணன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கூட்டத்தின் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அது மற்றவர்களுக்கான பஸ். திடலின் மறுகோடியில், ஒரு புல் மேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

முதல் தடவையாக அந்தச் சத்தத்தை அங்கேதான் கேட்டேன். தகரக் கொட்டகைக்குள் ஊரிலுள்ள மிக்சியையெல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. பாயில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண் நான் காதைப் பொத்துவதைப் பார்த்து, பையிலிருந்து இரண்டு பஞ்சு அடைப்பானை எடுத்துக் கொடுத்தாள். நகர்ந்து பாயில் இடமும் விட்டாள். பேசினாள், எனக்குப் புரியவில்லை. நானும் தமிழில் பேசினேன், அவளுக்குப் புரியவில்லை. வாழை இலையில் சுற்றிய ஒரு தேங்காய்ப் பலகாரத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். வளைவில் பைக்குகள் சாய்ந்து, ஓட்டுகிறவனின் முழங்கால் தரையில் உரசுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேனம்மை என்னைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துப்போக வெகுநேரம் ஆயிற்று. "அத்தை, இது நம்ம இடமில்லை" என்று சிரித்தாள். நல்ல பெண், என்னை முதல் நாளிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை என் உத்தியோகம் ஆரம்பமாயிற்று. கழுத்தில் வெள்ளி நிற அட்டை. வாசலில் நிற்கிறவர்கள் அதை ஒரு கருவியில் காட்டி, அது 'பீப்' என்றதும் கும்பிடாத குறையாக உள்ளே விடுகிறார்கள். உள்ளே ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், அதற்குக் கீழே ஓடுபாதை. ஏ.சி. குளிரில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பைக் சத்தம் உள்ளே வரவே இல்லை. டி.வி.யை ஊமையாக்கிவிட்டுப் பார்க்கிற மாதிரி கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, சாப்பிட்டுக்கொண்டும் செல்போனில் தங்களையே படம் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆட்டுக்கறி பஞ்சாக வெந்திருந்தது. மீன் அன்றைக்குப் பிடித்தது. ஐஸில் அடுக்கிய சிப்பியை நான் தொடவில்லை. தட்டு காலியானதும் எங்கிருந்தோ ஒரு கை வந்து எடுத்துக்கொண்டு போனது. பாத்திரம் கழுவுகிற இடத்தைப் பார்க்கக் கெஞ்சி அனுமதி வாங்கிப் போனேன். அப்படி ஒரு சுத்தம் என் சமையல்கட்டுக்கு வர இன்னும் காலமாகும் என்று மனசாரச் சொல்கிறேன்.

அங்கே மேற்பார்வை பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண். நானும் இதே தொழில் என்றதும் சகஜமாகப் பேசினார். அட்டைக்கு ஒரு சாப்பாடு என்று கணக்கு, அதற்குக் கொஞ்சம் கூடவே சமைக்கிறோம் என்றார். மிச்சம் என்ன ஆகிறது என்று கேட்டேன். கொட்டிவிடுவோம் என்றார். வேலை பார்க்கிறவர்கள் சாப்பிடக் கூடாதா என்றதற்கு, எங்களுக்குப் பின்னால் கொட்டகையில் தனிச் சாப்பாடு, இதைத் தொட்டால் வேலை போய்விடும் என்றார். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று தேனம்மையிடம் கேட்டேன். போன வருஷம் மேல் மாடியில் தங்க நிற அட்டையில் இருந்தோம், இந்த வருஷம் நம்மைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறார்களாம். அடக்கடவுளே, ஊரில் ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற காசைக் கட்டிவிட்டு வந்து, ஏ.சி.யில் உட்கார்ந்து, மேலே பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். மேல் மாடியில் இருக்கிறவர்களுக்கும் இன்னொரு கதவு இருக்கிறதாம். அதற்குள் போனால் பந்தயக்காரர்களோடு கைகுலுக்கலாம்.

அப்போதுதான் இந்த விலை எதற்கு என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது. கறிக்கும் மீனுக்கும் அத்தனை ஆகாது. எனக்கு அடக்க விலை தெரியும். கண்ணாடிக்கும் கம்பளத்துக்கும் கொஞ்சம் போகும். மீதியெல்லாம், வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், நாம் உள்ளே இருக்கிறோம் என்பதற்குத்தான். எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் இதை யார் வாங்குவார்கள்?

நான் ஒன்றும் யோக்கியம் பேசவில்லை. நானும் இலை எண்ணித்தான் காசு வாங்குகிறேன். இத்தனை இலைக்கு மேல் போனால் இவ்வளவு என்று பேசாமல் ஒரு வேலையும் எடுத்ததில்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்கும் கல்யாண வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரிய விட மாட்டோம். இங்கே கணக்கை அவரவர் கழுத்திலேயே மாட்டிவிட்டிருக்கிறார்கள். பரிமாறுகிற பெண் என்னிடம் வந்தாலும் முதலில் அட்டையைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இருந்தும், "என்ன ராணியம்மா, செஞ்சுருவீகள்ல?" என்று வள்ளியப்பன் அண்ணன் கேட்டபோது, செஞ்சுரலாம்ணே என்று தலையை ஆட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாளைக்குத்தான் பெரிய விருந்து, அதையும் பார்த்துவிட்டுக் கடைசி வார்த்தை சொல்லுங்கள் என்றார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு முடிந்த மாதிரிதான் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அந்தப் பரிமாறுகிற பெண்ணின் பார்வை மனசை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரும் வந்தார்கள். அவர்கள் நேமத்தான்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளை கார்த்திக்குக் கோலாலம்பூரில் வேலை. அவனைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வள்ளியப்பன் அண்ணன் அவர்களைப் போனில் அழைத்ததை நானே கேட்டேன். "எல்லாரும் வந்துருங்க. வீட்டோட வந்துருங்க" என்றார். எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தால் என்ன, அப்படிச் சொல்லாமல் நம்ம ஆட்களுக்கு ஒரு அழைப்பை முடிக்க வராது. சொல்லிவிட்டு, அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று அட்டைதான் வாங்கி வைத்திருந்தார்.

வந்தது நான்கு பேர். மாப்பிள்ளையின் அப்பா சுப்பையா செட்டியாரோடு அவருடைய அக்காவும் ஊரிலிருந்து வந்திருந்தார்; அது வள்ளியப்பன் அண்ணனுக்குத் தெரியாது. செட்டியார் வீடுகளில் அக்காவையும் ஆச்சி என்றுதான் அழைப்பார்கள், எல்லாருக்கும் அவர் உமையாள் ஆச்சி. பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் நேமத்தான்பட்டியிலிருந்து காரைக்குடிக்கு ஸ்கூட்டரில்தான் வருவார், நானே வழியில் பார்த்திருக்கிறேன். டி.வி.யில் ஒரு பைக் ரேஸையும் விட மாட்டாராம். தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். எங்கள் கூட்டத்திலேயே பந்தயம் பார்க்க வந்த ஒரே ஆள் அவர்தான்.

'பீப்', 'பீப்', 'பீப்' என்று மூன்று பேர் உள்ளே போனார்கள். ஆச்சியிடம் அட்டை இல்லை. வாசலில் நின்ற இளைஞன் பணிவாகத் தடுத்தான். வள்ளியப்பன் அண்ணன் ஓடிவந்து, காசு கட்டுகிறேன், இன்னொரு அட்டை கொடுங்கள் என்றார். எவ்வளவு ஆனாலும் சரி என்றார். இன்றைக்கு அட்டை முடிந்துவிட்டது, சமையல் அட்டைக் கணக்குக்குத்தான் செய்திருக்கிறோம், மன்னிக்க வேண்டும் என்று அவன் சொன்னதைத் தேனம்மை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். அவன் மேல் தப்பில்லை. அழைத்தவர் மேலும் தப்பில்லை, வந்தவர்கள் மேலும் தப்பில்லை. வீட்டோடு வரச் சொன்னார், வீட்டோடு வந்தார்கள்.

சுப்பையா செட்டியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெண் கொடுக்கிற இடத்தில், சம்பந்தியின் அக்காவை வாசலில் நிறுத்தியாயிற்று. நிச்சயமான கல்யாணம் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நின்று போனதை நான் பார்த்திருக்கிறேன். வள்ளியப்பன் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது.  அவர் கண் என் கழுத்தில் தொங்கிய அட்டையில் வந்து நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. அழைத்து வந்தவரே அட்டையைப் பார்க்கிறார். ஆனாலும் அவர் நிலைமையும் தெரிகிறதே. அட்டையைக் கழற்றி ஆச்சியிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "அத மாட்டிக்கங்க தாயி. இலையில உக்காந்தவுகள எழுப்பிவிட்டுட்டு அந்த எடத்துல நான் உக்காரவா?" என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் பக்கம் பந்தியில் இலை முன்னால் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால், அவர் அழையாமல் வந்தவரே ஆனாலும் எழுப்ப மாட்டோம். ஒரு கல்யாணத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த யாரோ ஒருவர் தெரியாமல் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டு மாமா இலை கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அந்த ஆளுக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றினாரே தவிர எழுப்பவில்லை. மாமாவும் எழுப்பச் சொல்லவில்லை. அதுதான் ஆச்சியின் வாயில் அப்படி வந்தது.

"நான் மேட்டுல போயி உக்காந்து பாக்குறேன். எனக்கு ரேஸுதான் முக்கியம், நீங்கள்லாம் உள்ள போங்க" என்று ஆச்சி சிரித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். தெரியாத ஊரில் ஒரு விருந்தாளியைத் தனியாக அனுப்புவதா? நானும் கிளம்பினேன். இன்றைக்குத்தான் பெரிய விருந்து, அதைப் பார்க்கத்தானே உங்களை வரவழைத்தேன் என்று வள்ளியப்பன் அண்ணன் என் பின்னால் வந்து சொன்னார். குரலில் கோபம் தெரிந்தது. பாத்தவரைக்கும் போதும்ணே என்று சொல்லிவிட்டேன்.  தை வேலை போகிறது ராணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மேட்டுக்குப் போகிற பஸ் எதுவென்று எனக்குத்தான் தெரியுமே. ஆச்சிக்கு மேட்டு டிக்கெட் ஒன்று வாங்கிப் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வானம் பொத்துக்கொண்டது. அந்த ஊர் மழை நம்ம ஊர் மழை மாதிரி சொல்லிக்கொண்டு வருவதில்லை. யாரோ ஒரு குடும்பம் விரித்துப் பிடித்த தார்ப்பாய்க்குள் எங்களையும் இழுத்துக்கொண்டார்கள். பந்தயத்தைத் தள்ளி வைத்திருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு பெண் பொட்டலச் சோறு விற்றுக்கொண்டு வந்தாள்: தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, காரமான மிளகாய்த் துவையல். சூடாக இருந்தது. மழைக்கு அமிர்தம்.

சாப்பிட்டுக்கொண்டே ஆச்சி, நான் எதற்காக மலேசியா வந்தேன் என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? தங்கம், வெள்ளி, நீலம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே நெத்திலியைக் கடித்தார்.

மழை விட்டபோது சுப்பையா செட்டியாரும் கார்த்தியும் வேட்டியையும் பேண்ட்டையும் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள், பின்னாலேயே கார்த்தியின் அம்மாவும். ஏன் வந்தீர்கள் என்று ஆச்சி கடிந்துகொண்டார். "ஆச்சிய வெளிய விட்டுட்டு அங்க உக்காந்து திங்க எனக்குத் தொண்டையில எறங்குமா?" என்றார் சுப்பையா செட்டியார். அடுத்து வந்தது தேனம்மையும் அவள் அப்பாவும்.

வள்ளியப்பன் அண்ணன் தொப்பலாக நனைந்திருந்தார். தேனம்மைதான் என் காதோடு சொன்னாள், அப்பாவை அப்பச்சி என்பது அவர்கள் வழக்கம்: "அப்பச்சி ஆச்சிக்காக ஒரு தட்டுல எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு வந்தாக. வாசல்ல தட்டை வாங்கி வச்சுட்டாக. வெளிய கொண்டுபோகக் கூடாதாம்." எங்கள் எல்லாருக்கும் அட்டை வாங்கியது அவர் காசு. ஆனால் தன் விருந்தாளிக்கு ஒரு தட்டுச் சோற்றைக் கதவு தாண்டிக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

ஆச்சி நகர்ந்து அவருக்கு இடம் விட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார். அவர் பசியோடு இருந்திருக்க வேண்டும், பாதிப் பொட்டலம் வரை தலை நிமிரவில்லை. ஆச்சி பைனாகுலர் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, கல்யாணத்துக்கும் அட்டை போடப்போறீகளாம்ல. எனக்கு எந்த நிறம்ண்டு இப்பவே சொல்லிப்புடுங்க. அன்னைக்கு வாசல்ல வந்து நின்னுக்கிட்டுத் தெரிஞ்சுக்க வேணாம்."

குத்தலாகச் சொன்ன மாதிரியே இல்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்கிற குரல்தான். வள்ளியப்பன் அண்ணன் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடுபாதையைப் பார்த்தோம், அங்கே இன்னும் ஒரு வண்டியும் வரவில்லை.

அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் நான் பேசிவிட்டேன். "அண்ணே, நேத்துத் தலையாட்டினது தப்பு. அட்டை பாத்துப் போடுற சோத்த எனக்கு ஆக்க வராது. சென்னைக்காரவுகளுக்கே குடுத்துருங்க" என்றேன். அவர் ம் என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் பந்தயம் ஆரம்பித்தது. ஈரப் பாதையில் எங்கள் முன்னால் இருந்த வளைவிலேயே ஒருவன் சறுக்கி விழுந்தான். எழுந்து, வண்டியைத் தூக்கி நிறுத்தி, கடைசி ஆளாக ஓட்டிக்கொண்டு போனான். ஆச்சி எழுந்து நின்று கைதட்டினார். மேடே எழுந்து நின்றது. நானும் நின்றேன், ஆனால் என் மனசு முழுக்க ஊரில் தை வேலையை நம்பிக் காத்திருக்கிற பெண்களிடம் இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் விமான நிலையத்துக்குத் தேனம்மைதான் கொண்டுவந்து விட்டாள். அவள் அப்பா வேலையாகப் போய்விட்டாராம். கல்யாணத்துக்கு நீங்க வரணும் அத்தை என்றாள். விருந்தாளியாகவா சமையலுக்கா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது அவளுக்கு.

திருச்சியில் இறங்கிக் காரைக்குடி பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். தலையை ஆட்டச் சொன்னவர் அவர். வாயைக் காட்டியவள் நான். அந்தப் பெண்களிடம் சொல்வதுதான் இன்னும் கஷ்டம். வேறொரு வேலை வரும் என்று சொல்லலாம். வரும் என்று எனக்கே நம்பிக்கையில்லை. திருமயம் நெருங்கும்போது போன் அடித்தது. வள்ளியப்பன் அண்ணன்.

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்றார். பஸ்ஸில் இருக்கிறேன் என்றேன். அங்கே மழையா என்றார். இல்லை என்றேன்.  எங்கள் பஸ்ஸின் இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அட்டை அடிக்கக் குடுத்திருந்தேன். வேணாம்ண்டு சொல்லிட்டேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: "மூணு நாளும் ஒரே பந்திதான். நீங்க ஆளுகளக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. விருந்தாளிகளோட கூட யாரு வந்தாலும் சரி. வாசல்ல ஆள் போட வேணாம் ராணியம்மா, நானே நிக்கிறேன்."

 பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.